செலின் போடாத கையெழுத்து

வசனம் எழுத வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

நம் வாட்ஸ்அப் குழுவில் "அண்ணே, உங்க அனுபவத்தை எழுதுங்க" என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். ரிட்டயர் ஆன ஆளிடம் அனுபவம் கேட்டால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் கேட்டுவிட்டீர்கள். இனி படித்துத்தான் ஆகவேண்டும்.

முதல் பாடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ எழுதிய கதையைச் சீரியலாக மாற்றச் சொன்னால், அடுத்தவர் வீட்டுப் புத்தகத்தில் பேனா வைக்காதீர்கள். தெருவுக்குத் தெரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நான் வைத்தேன். அதுவும் சிவப்புப் பேனா, அதுவும் என் மனைவியின் புத்தகத்தில்.

சீன் பிரிப்பது, எங்கே தொடரும் போடுவது, இதெல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் கைக்குப் பழகிவிடும். மனசில் பொறாமையை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் நம் தொழிலில் கிடையாது.

எனக்கு ஒரு எதிராளி இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். நான் எதற்கு அவருக்கு இலவச விளம்பரம் கொடுக்க வேண்டும்? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் இருந்தார். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் தாமதம் என்று குறித்துவைக்கும் வேலை. அதனால் டைம் ஆபீஸ்காரர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் அண்ணனூரில் ஒரே ரயில் ஏறியவர்கள். ஒரே வாரப் பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கு இரண்டு பேரும் கதை அனுப்பினோம். அவருக்கு முதல் பரிசு. என் கதை, நானே தபால்தலை ஒட்டி வைத்து அனுப்பிய உறையில் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது.

அதோடு விட்டாரா? அதே பத்திரிகையில் தொடர்கதை எழுத ஆரம்பித்தார். தலைப்பு என்னவோ வைத்தார், ஆனால் படித்தவர்களுக்கெல்லாம் அது செலின் கதைதான். செலின், பஸ்களுக்கு பிரேக் சாமான் செய்யும் கம்பெனியில் வேலை செய்பவள். செய்து முடித்த சாமானைச் சோதித்து "சரி" என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. அவளுடைய சூப்பர்வைசருக்கே அவளை நிச்சயம் செய்திருக்கிறார்கள். ஒருநாள் விரிசல் விட்ட சாமான் ஒரு வண்டி நிறைய நிற்கிறது. கட்டிக்கொள்ளப் போகிறவன் வந்து, கையெழுத்துப் போடு என்கிறான். செலின் போடவில்லை. கல்யாணம் நின்றுபோகிறது. அவள் அழவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்கிறாள், வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்குகிறாள், ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடைசிக் கடலை வரை தின்கிறாள். அந்த வார அத்தியாயம் அவ்வளவுதான்.

அந்த வாரம் ஆவடி ரயிலில் வேலைக்குப் போகிற பெண்கள் பலபேர் கையில் கடலைப் பொட்டலத்தைப் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. ஒளித்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்த லட்சணத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஜெசிந்தா, திருமுல்லைவாயில் பெண். அம்பத்தூரில் ஏற்றுமதித் துணி தைக்கிற கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தைத்து வந்த உடுப்பைப் புரட்டிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அவள் கொண்டுவந்த பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில், கனமான பைண்டிங் ஒன்று இருந்தது. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த செலின் கதை. அட்டையின் உள்பக்கம் ஒரு போஸ்ட் கார்டு ஒட்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பு இவள் எழுதிய கடிதத்துக்கு டைம் ஆபீஸ்காரர் போட்ட பதில்: "செலின் உங்களைப் போன்றவர்களிடமிருந்து வந்தவள்தான். நன்றி." சீரோடு என் எதிராளியும் வீட்டுக்குள் வந்துவிட்டார்.

அந்த பைண்டிங்குக்கு ஒரு வழக்கம் உண்டு. செக்கிங்கில் இருந்த பெண்கள் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தார்கள். முழுக்கப் படித்து முடித்தவர் கடைசி வெள்ளைத்தாளில் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட வேண்டும். கையெழுத்து விழுந்த பிறகுதான் அடுத்த ஆளுக்குப் போகும். வேப்பம்பட்டிலிருந்து வரும் ராணி மட்டும் மூன்று தடவை போட்டிருந்தாள். என் பெயர் அங்கே இல்லை. வீட்டிலேயே இருந்த புத்தகத்தை நான் முழுக்கப் படிக்கவில்லை. அங்கங்கே புரட்டி, எங்கே சொதப்பியிருக்கிறார் என்று தேடியதோடு சரி.

இன்னொரு விஷயம் சொன்னால்தான் மற்றது புரியும். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், குழந்தைகள் கவுன் ஒரு லாட் ஜெசிந்தாவின் மேஜைக்கு வந்தது. பட்டன் நிற்கவில்லை. லேசாக இழுத்தாலே கையோடு வந்தது. சரக்கு கிளம்ப வேண்டிய நாள், இன்சார்ஜ் கையெழுத்துப் போடச் சொன்னார். இவள் "புள்ளைங்க வாயில போட்டுக்கும் சார், நான் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் கேட்டில் விடவில்லை. என் எழுத்தில் அப்போது பெரிதாகக் காசு வராது. அவளுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைக்கும் வரை வீட்டில் ஒருவேளைதான் சோறு.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன்.

"செலின் போட்டிருக்க மாட்டா" என்றாள்.

"அவ பேப்பர்ல இருக்கா. அவளுக்குப் பசிக்காது" என்று கத்தினேன். வருஷக்கணக்காக நான் வசனம் எழுதுகிறேன். என் கதாநாயகிகள் எத்தனையோ பேர் எத்தனையோ பேசியிருக்கிறார்கள். என் மனைவி ஒருநாளும் அவர்களைக் கேட்டு ஒரு காரியம் செய்ததில்லை. அந்த ஆள் எழுதிய பெண்ணைக் கேட்டு வேலையையே விட்டாள்.

பிறகு பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், ஒரு சேனல் செலின் கதையைச் சீரியலாக எடுக்க வாங்கியது. வசனமும் மாற்றங்களும் என் பொறுப்பில் வந்தன. கதை இலாகாவுக்குத் தலைவராக ஒருவர் இருந்தார். அவரை அண்ணன் என்றுதான் எல்லாரும் சொல்வோம். புத்தகம் கடையில் கிடைக்கவில்லை. ஜெசிந்தாதான் பைண்டிங்கை எடுத்து, புது பிரவுன் அட்டை போட்டு, என் கையில் கொடுத்தாள்.

"நீ எழுதப்போறியா? அப்போ செலின் நம்மூட்டுக்கே வந்துட்டா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் என் சொந்தக் கதைகளுக்குப் பார்த்ததே இல்லை.

அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது. அவசரத்தில் ஜெராக்ஸ் எடுக்கவில்லை என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். அந்தத் தாளிலேயே அடிக்க வேண்டும் என்று என் கை அரித்தது. வேண்டாத வரி என்று ஒன்றை அடித்தேன். பிறகு பத்து. கடலை தின்கிற அத்தியாயத்துக்கு வந்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

அதற்குப் பதில் நான் எழுதியது இது: சூப்பர்வைசரின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார். குடும்ப மானம் போகும் என்று கெஞ்சுகிறார்கள். செலின் அழுதுகொண்டே கையெழுத்துப் போடுகிறாள். பிறகு மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, இன்னும் அழுகிறாள்.

அண்ணன் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"யோவ், அந்தப் பொண்ணு உனக்கு இன்னா துரோகம் பண்ணிச்சு?"

"ரேட்டிங்குக்குத்தான்ணே."

"ரேட்டிங்க நான் பாத்துக்கிறேன். உன்ன நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, காட்சியை அனுப்பிவிட்டார். தடுத்திருக்கலாம். தடுத்தால் நான் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று நினைத்தாரோ, நாளைக்கு ஷூட்டிங்குக்குத் தாள் வேண்டும் என்று நினைத்தாரோ, தெரியாது.

அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று ஜெசிந்தா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். செலின் கையெழுத்துப் போட்டாள். மெழுகுவர்த்தி எரிந்தது. ஜெசிந்தா டிவியை நிறுத்திவிட்டு, "சாப்பிடுறீங்களா?" என்றாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் மனைவி என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் மரியாதை வந்துவிடும். அந்த "றீங்களா"வைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரசிகர்கள் கிழித்தார்கள். ப்ரமோவுக்குக் கீழே திட்டு, வாட்ஸ்அப்பில் திட்டு. "எங்க செலின் போட மாட்டாள்", "தங்கமா எழுதினதைப் பித்தளை ஆக்கிட்டானுங்க." அதிலும் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல், கேளுங்கள். பாராட்டும்போது அந்த எழுத்தாளரின் பெயரை முழுசாக, இனிஷியலோடு சொன்னார்கள். திட்டும்போது என் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. "ஆக்கிட்டானுங்க" என்று கும்பலோடு சேர்த்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெசிந்தா வீட்டுக்கு வந்ததும், பின்னாலேயே ராணியும் இன்னும் நாலு பெண்களும் வந்தார்கள். எல்லாரும் பழைய செக்கிங் ஆட்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர்கள் சண்டை போடவில்லை.

"அண்ணாத்தே, நீ இன்னா பண்ணுவ, சேனல்காரன் சொல்லியிருப்பான்" என்றாள் ராணி. "எங்களுக்குத்தான் மனசு ஆறல. அந்த பைண்டிங்கக் குடு. இன்னொருவாட்டி படிச்சிட்டுத் தர்றோம். அத்தப் படிச்சாதான் இது மறக்கும்."

பைண்டிங் என் பைக்குள், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆபீஸ்ல கீது ராணி" என்றேன்.

ஜெசிந்தா பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு பையை ஆணியிலிருந்து எடுத்தாள்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். உடுப்பைப் புரட்டிப் பழகிய கை, ஒரு அடித்தலையும் விடவில்லை. கிழிந்த பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இத ஏன் அடிச்சீங்க?"

"சென்டிமென்ட் வேணும்னு..."

"நான் அன்னிக்கு கையெழுத்துப் போடல. சோறு இல்லாம இருந்தோம். அது ஒண்ணுதான் நான் என் வாழ்க்கையில நிமிந்து செஞ்ச காரியம். அது தப்புன்னு ஊருக்கே போட்டுக் காமிச்சிட்டீங்க."

நான் அவளைப் பற்றி நினைக்கவில்லை என்று சொன்னேன். அதுவும் உண்மையில்லை. பெருக்கல் குறி போட்டபோது, பசித்த அந்த மாதங்கள் என் கையில் இருந்தன. பேப்பர் பெண்ணை அழவைத்து, என் மனைவியிடம் ஒரு பழைய சண்டையை ஜெயிக்கப் பார்த்திருக்கிறேன்.

அவள் சிவப்புப் பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"அடிச்சா பக்கத்துல கையெழுத்துப் போடணும். எங்க கம்பெனி ரூல். அடிச்சது யாருன்னு நாளைக்குத் தெரியணும். போடுங்க."

"ஜெசிந்தா..."

"போடுங்க."

போட்டேன். ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில். அவள் எதிரே உட்கார்ந்து பக்கம் புரட்டினாள். மத்தியானம் ஆரம்பித்து வெயில் சாயும்வரை போட்டேன். சாப்பிடுறீங்களா என்றுகூட அன்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை எஸ்டேட்டுக்குள் மூடிக்கிடந்த ஒரு கம்பெனியில் ஷூட்டிங். அண்ணன் போனைக் காட்டினார். திட்டியவர்கள் திட்டினாலும், அழுத எபிசோடை ஊரே பார்த்திருந்தது.

"அழுகை எடுபட்டுச்சு. இந்த வாரம் செலின் மாமியார் கால்ல விழுந்து அழணும்னு மேலிடத்துல சொல்றாங்க. ஒரு மணி நேரம் டைம். எழுதிக் குடு" என்றார்.

தம்பிகளே, இந்த ஒரு மணி நேரம் உங்கள் எல்லாருக்கும் ஒருநாள் வரும். நடிகை மேக்கப் போட்டு உட்கார்ந்திருப்பாள், லைட் எரிந்துகொண்டிருக்கும், எல்லாரும் உங்கள் கையில் இருக்கும் தாளைப் பார்ப்பார்கள். கேட்டதை எழுதுவதற்குப் பத்து நிமிஷம் போதும். எனக்கும் போதும். எழுதினேன், காலில் விழுகிற காட்சி. படித்தேன், கிழித்தேன். கிழித்த துண்டுகளை ஒட்டிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஓய்வுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான், வேறு வீரம் ஒன்றும் இல்லை.

பிறகு வேறு எழுதினேன். செலின் மறுநாள் காலை கம்பெனிக்குப் போகிறாள். சரக்கு இன்னும் கிளம்பவில்லை. ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி, தான் போட்ட கையெழுத்தைக் குறுக்கே அடிக்கிறாள். சூப்பர்வைசர் கையைப் பிடிக்கிறான். "விடு. அடிச்சா பக்கத்துல கையெழுத்துப் போடணும். அடிச்சது யாருன்னு நாளைக்குத் தெரியணும்" என்று சொல்லி, பக்கத்தில் முழுப் பெயரையும் எழுதிவிட்டு வெளியே நடக்கிறாள். ஸ்டேஷன். கடலை.

அண்ணன் இரண்டு தடவை படித்தார்.

"இது நீ எழுதினதா?"

"ஆமாண்ணே."

"எடுக்கலாம். மேலிடத்துல அடி விழுந்தா உன் பேர சொல்லுவேன்" என்றார்.

அடி விழவில்லை. ஒளிபரப்பான அன்றே அந்த வசனத்தை வெட்டி ஊரெல்லாம் அனுப்பினார்கள். ஸ்டேட்டஸ் எல்லாம் அதுதான். வேப்பம்பட்டிலிருந்து ராணி போன் செய்து அழுதாள். "எங்க செலின் வந்துட்டா அண்ணாத்தே! அந்த எழுத்தாளரு எழுத்துன்னா எழுத்துதான்யா. அந்த வசனம் பைண்டிங்ல எந்தப் பக்கத்துல வரும்?"

ரசிகர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கெட்டதைச் செய்தது நாங்கள், நல்லதைச் செய்தது அந்த ஆள். நான் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். புத்தகத்தில் அந்த வரியே கிடையாது என்று மாடியில் நின்று கத்தலாம் போல இருந்தது.

அப்போதுதான் டைம் ஆபீஸ்காரரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. எங்கிருந்தோ என் நம்பரை வாங்கியிருக்கிறார். "வணக்கம். நீங்க கையெழுத்துப் போட வெச்சப்போ கோவமா இருந்துச்சு. இன்னிக்குப் பாத்தேன். அந்த அடிச்சா கையெழுத்துப் போடணும்ன்ற வரி நான் எழுதியிருக்க வேண்டியது. இத்தன வருஷம் செலினோட இருந்து எனக்குத் தோணல. உங்க மேல பொறாமையா இருக்கு."

என் மேல் பொறாமை. அவருக்கு. அண்ணனூர் பிளாட்பாரத்தில் நின்ற நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். திரும்பப் போட்டேன். ஏழெட்டுத் தடவை போட்டிருப்பேன். பிறகு "ரொம்ப நன்றி சார்" என்று பதில் அனுப்பினேன்.

சமையலறை வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தாள். எத்தனையாவது தடவையிலிருந்து நின்றாளோ.

"நன்றின்னு மட்டுமா சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சீரியல் முடிந்தது, நானும் ஓய்வு பெற்றேன். பைண்டிங்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒழுங்காகப் படித்தேன். நல்ல கதை. இதை எழுதும்போதும் கை வலிக்கிறது, ஆனாலும் நல்ல கதை. அந்த பைண்டிங்கில் அதிகமாகக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். கடைசித் தாளில் மட்டும் என் பெயர் இல்லை. போட்டுக்கொள்ளட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "மொதல்ல அந்த ஆளுக்கு உண்மையச் சொல்லு, அப்புறம் போடு" என்றாள். "சொல்லு" என்றாள், "சொல்லுங்க" இல்லை. அதனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, அந்த வேலையைத் தள்ளிப்போட்டேன்.

நீங்கள் அனுபவம் கேட்டதால் இன்றைக்கு முடிவு கட்டினேன். இதை நம் குழுவில் போடுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு வரி அனுப்பினேன்: "அந்த வசனம் என்னுடையது இல்லை சார். என் மனைவி ஜெசிந்தா என்னிடம் சொன்னது. நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன்."

உடனே பதில் வந்துவிட்டது.

"அதானே பாத்தேன். அவங்களுக்கு என் வணக்கத்தச் சொல்லுங்க."

அந்த "அதானே பாத்தேன்" இருக்கிறதே, அதை நான் ஒரு தடவைதான் படித்தேன். வணக்கத்தை இன்னும் சொல்லவில்லை. ஜெசிந்தா பக்கத்து அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். வயிறு கொஞ்சம் ஆறட்டும், சொல்கிறேன்.